ஆப் ஆர்ட்டா, ஆப்பு ஆர்ட்டா?

புது ஃபிளாட்டுக்குக் குடிபோனதும் டிவிக்கு மேலே மாட்ட ஒரு படம் வேணும். நம்ம ஐ.டி. மக்கள் என்ன வாங்குறாங்க? கறுப்பு வெள்ளைக் கோடுகள் வளைஞ்சு வளைஞ்சு ஓடுற ஆப் ஆர்ட் அக்ரிலிக் பிரிண்ட். விக்கிறவங்க விளம்பரத்தைப் படிச்சா, மனசுக்கு அமைதி தருமாம்!

அமைதியா? கண்ணைச் சும்மா இருக்கவிடக் கூடாதுன்னே பண்ணின ஓவியம் சாமி அது. பிரிட்ஜெட் ரைலி 1961-ல் வரைந்த ‘மூவ்மென்ட் இன் ஸ்கொயர்ஸ்’ பாருங்க. வெறும் கட்டங்கள்தான். ஆனா அவை ஒடுங்கி ஒடுங்கிப் போக, படமே உள்ளே மடங்குற மாதிரி இருக்கும். அட்டகாசம். ஆனா கண்காட்சின்னா பார்த்துட்டு நகர்ந்துடலாம். ஹாலில்?

1965-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் ‘தி ரெஸ்பான்சிவ் ஐ’ கண்காட்சி நடந்த சமயம், ரைலியின் ஓவியத்தை வாங்கி வெச்சிருந்த உடுப்புத் தயாரிப்பாளர் ஒருத்தரே அதைத் துணி டிசைனா அடிச்சுட்டார். அந்தம்மா கொதிச்சுப் போனாங்க. நாம இப்போ துணிக்குப் பதிலா அக்ரிலிக்கில் அடிக்கிறோம், அவ்வளவுதான்.

சரி, கலையை விடுங்க, கணக்குக்கு வருவோம். அர்னால்ட் வில்கின்ஸ் குழுவினர் 1984-லேயே ஆராய்ஞ்சு சொன்ன விஷயம்: பார்வைக் கோணத்தில் ஒரு டிகிரிக்குள் சுமார் 3 ஜோடி கறுப்பு-வெள்ளைக் கோடுகள் விழுந்தா கண்ணுக்கு அதிகபட்சத் தொந்தரவு. 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்தா ஒரு டிகிரிங்கிறது சுவரில் 3.5 செ.மீ. ஆக, ஒரு கோட்டின் அகலம் கிட்டத்தட்ட 6 மி.மீ. ஒற்றைத் தலைவலிக்காரங்களுக்கு இது வலியையே கிளப்பிவிடலாம். ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவங்களுக்கு இன்னும் ஆபத்து. போதாக்குறைக்கு அக்ரிலிக் பளபளப்பில் டியூப்லைட் வேற மின்னும்.

அக்ரிலிக் 3 மி.மீ.யா 5 மி.மீ.யான்னு விலாவாரியா எழுதுறவங்க, கோட்டின் அகலத்தை எழுதுறாங்களா? மூச்!

நாம காலையிலேயே ஆணி புடுங்கக் கிளம்பிடுவோம். பகல் பூரா அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கப் போறது ஊர்லேர்ந்து வந்திருக்கிற அம்மா. அவங்களுக்குத் தலைவலி வந்தா டிவியைத்தான் திட்டுவோம், படத்தை இல்லை.

வாங்கியே தீருவேன்னா, கோட்டை ஸ்கேல் வெச்சு அளந்து வாங்குங்க. மாடிப்படி, நடை மாதிரி கடந்து போற இடத்தில் மாட்டுங்க. உட்கார்ற இடத்துக்கு எதிரே வேண்டவே வேண்டாம்.

டிஸ்கி: ரைலி ரசிகர்கள் ஆட்டோ அனுப்ப வேண்டாம். நானும் ரசிகன்தான், அதனாலதான் இவ்ளோ கோபம் :-)