தூதரக மானியம்: கேட்கலாம், ஆனால் எதைக் கேட்பது?

வாவிக்கரைக் கிளைகளில் கூட்டம் நடக்கும்போதெல்லாம் அண்மைக்காலமாக ஒரு கேள்வி எழுகிறது. "தூதரகங்கள் சின்னச் சின்ன மானியம் கொடுக்கின்றனவாமே, நாமும் எழுதிப் போட்டால் என்ன?" கேட்பவர்கள் பெரும்பாலும் நமது இளைஞர்களும் மாதர் சங்கத் தங்கச்சிமாரும்தான். இதற்கிடையில் படுவான்கரையில் ஒரு சங்கத்திடம், விண்ணப்பம் எழுதித் தருவதாகச் சொல்லி ஒருவர் முற்பணம் வாங்கிப் போனார். மானியமும் வரவில்லை, போனவரும் வரவில்லை. ஆகவே இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் நேரம் வந்துவிட்டது.

எழுதிப் போடலாம் என்பதே நமது கருத்து. ஆனால் இந்தப் பணம் எதற்காகத் தரப்படுகிறது, அதனிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கவே கூடாது என்பவற்றைத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும்.

மண்முனைப் பாலத்தை நாம் எல்லோரும் அறிவோம். 2014க்கு முன் எழுவான்கரையிலிருந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் போக 'பாதை'க்காகக் காத்துக் கிடந்தோம். ஜப்பான் நாட்டின் நன்கொடையில் பாலம் வந்தது. நமக்கு நன்மை. ஜப்பானுக்கும் நன்மை, ஏனென்றால் அந்த நாட்டின் பெயரை நமது மக்கள் நல்ல விதமாகச் சொல்கிறார்கள். ஒரு நாடு இன்னொரு நாட்டு மக்களிடம் நற்பெயர் தேடுவதைத்தான் பொது இராஜதந்திரம் என்கிறார்கள். பாலம் பெரிய காரியம். தூதரகங்களின் சிறு மானியங்கள் அதே நோக்கத்தைச் சிறிய அளவில் செய்கின்றன. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் தருகிறவருக்கும் ஒரு கணக்கு உண்டு என்பதை மறக்கக் கூடாது.

எல்லாத் தூதரகங்களும் ஒரே மாதிரி இல்லை. ஜப்பானின் அடிமட்ட மானியத் திட்டம் கட்டடம், உபகரணம் போன்றவற்றுக்கு உதவும். சம்பளத்துக்கோ அன்றாடச் செலவுக்கோ தராது. கனடாவின் உள்ளூர் முன்முயற்சி நிதியில் உச்சவரம்பு 100,000 கனடிய டொலர். பெரும்பாலானவர்களுக்குக் கிடைப்பது அதைவிட மிகக் குறைவு. அமெரிக்கத் தூதரகத்தின் பொது இராஜதந்திர மானியம் வேறு வகை. அங்கே கட்டடம் கேட்டால் நிராகரிப்பார்கள். தர்ம உதவி, மதப் பணி, கட்சி அரசியல், சங்கத்தை வளர்ப்பதற்கான செலவு, ஏதாவது ஒரு சட்டத்துக்காக ஆதரவு திரட்டுவது ஆகியவற்றுக்கும் இடமில்லை. கலை, கல்வி, ஆங்கிலம், இளைஞர், பெண்கள், ஊடகம் போன்ற துறைகளில், அமெரிக்க நிபுணர் அல்லது நிறுவனம் ஒன்றின் தொடர்போடு நடக்கும் குறுகிய காலக் கருத்திட்டத்தையே எதிர்பார்க்கிறார்கள். முன்னுரிமைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்த ஆண்டின் அறிவித்தலை முழுக்க வாசிக்காமல் எழுதத் தொடங்க வேண்டாம்.

அப்படியானால் நாம் எதைக் கேட்கலாம்? ஓர் உதாரணம் சொல்கிறோம். 1977இலும் 1983இலும் வன்செயலுக்குத் தப்பி மலையகத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன. லயத்தை விட்டுக் கையில் கிடைத்ததோடு வந்தவர்கள் காடு வெட்டினார்கள், சேனை செய்தார்கள், தென்னந்தோட்டத்திலும் கஜுத் தோட்டத்திலும் கூலிக்கு நின்றார்கள். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் 'அம்மம்மா' என்னும்போது தன் வீட்டில் மட்டும் ஏன் 'அம்மாயி' என்கிறோம் என்று கேட்கும் பிள்ளைக்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். 2023இல் மலையக மக்களின் 200 ஆண்டு நினைவுகூரப்பட்டது. ஆனால் வாவிக்கரைக்கு வந்து சேர்ந்தவர்களின் கதை அதிகம் பேசப்படவில்லை. நமது இளைஞர்கள் அந்த முதியவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்யலாம். வாய்மொழி வரலாறு கற்பிக்கும் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆசிரியரிடம் இணையவழியில் பயிற்சி பெறலாம். கடைசியில் ஒரு பாடசாலையில் தமிழ், சிங்களம், ஆங்கிலத்தில் கண்காட்சி வைக்கலாம். ஓராண்டுக்குள் முடியும் வேலை. மானியம் நின்றாலும் பதிவு நம்மிடம் இருக்கும்.

இனி, கேட்கவே கூடாதவை. தேங்காய் பறிக்கிறவருக்கும் கஜு பொறுக்குகிறவருக்கும் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம் கட்ட வேண்டியவர் தொழில்தருநர். காணி உறுதி தர வேண்டியது அரசாங்கம். குடிநீர், பாதை, பாடசாலைக்கு ஆசிரியர் எல்லாம் வரி கட்டும் மக்களின் உரிமை. தேயிலை, றப்பர்த் தொழிலாளருக்கு 1,000 ரூபாய் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் சம்பளச் சபை ஊடாக வந்தது. அதற்குப் பின்னால் பல ஆண்டுப் போராட்டம் இருந்தது, யாருடைய மானியமும் இருக்கவில்லை. உரிமையைக் கொண்டுபோய் விண்ணப்பப் படிவத்தில் எழுதினால், தர வேண்டியவர் தப்பித்துக்கொள்வார்.

விண்ணப்பிக்க முடிவு செய்யும் ஊர்களுக்குச் சில விடயங்கள். தொழிற்சங்கக் கிளையின் பெயரில் போவதைவிட, பிரதேச செயலகத்தில் பதிவான கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ போவது நல்லது. நமது வேலை பேரம் பேசுவது. அதற்கு நன்கொடையாளர் எவரும் பின்னால் இருக்கக் கூடாது. யாப்பு, கூட்டக் குறிப்புகள், இருவர் கையொப்பமிடும் வங்கிக் கணக்கு ஆகியவற்றைச் சரிசெய்துவிட்டுத் தொடங்குங்கள். அமெரிக்க மானியத்துக்குச் சங்கங்கள் அந்நாட்டு அரசின் 'சாம்' என்ற இணையப் பதிவில் சேர வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம், ஆனால் ஒரு சதமும் கட்டணம் இல்லை. கட்டணம் கேட்பவர் இடைத்தரகர். விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். ஆகவே முதலில் தமிழில் கூட்டத்தில் வாசித்து ஒப்புக்கொண்ட பிறகே மொழிபெயருங்கள். ஆங்கிலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் எவரும் கையொப்பமிட வேண்டாம். பணம் பெரும்பாலும் தவணையாக வரும். ஒவ்வொரு தவணைக்கும் பற்றுச்சீட்டும் அறிக்கையும் கேட்பார்கள். அவர்களுக்கு அனுப்பும் கணக்கைத் தமிழில் எழுதி வாசிகசாலைச் சுவரிலும் ஒட்டுங்கள்.

"இந்தப் பணத்தைத் தொட்டால் வாய் அடைபடும்" என்று மூத்த தோழர்கள் சிலர் சொல்கிறார்கள். அந்த அச்சத்தை நாம் தள்ளிவிடவில்லை. 2025 ஜனவரி 20 அன்று வாஷிங்டனில் போட்ட ஒரு கையெழுத்தால் அமெரிக்காவின் வெளிநாட்டு அபிவிருத்தி உதவி 90 நாட்களுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 1 முதல் யூ.எஸ்.எய்ட் நிறுவனம் உதவி வழங்குவதையே விட்டது. நம்மைக் கேட்காமல் தருகிற பணம் நம்மைக் கேட்காமலே நிற்கும். ஆகவே நிரந்தரமாக நடக்க வேண்டிய எதையும் இதன்மேல் கட்டக் கூடாது. பாலர் பாடசாலை ஆசிரியையின் மாதச் சம்பளத்தை இதில் வைத்தால், ஒரு நாள் அவரிடம் வீட்டுக்குப் போகச் சொல்ல வேண்டிவரும்.

வாய் அடைபடுமா என்பது நம் கையில் இருக்கிறது. மானியம் கொடுத்த நாட்டின் அரசு பிழை செய்தால், அதை நமது மேதினக் கூட்டத்தில் முன்போலவே சொல்ல முடிய வேண்டும். ஒப்பந்தத்தில் அதைத் தடுக்கும் ஒரு வரி இருந்தாலும் கையொப்பமிடாமல் திரும்பி வாருங்கள்.

விண்ணப்பம் எழுத உதவி வேண்டிய சங்கங்கள் தமது கிளைச் செயலாளரிடம் பேசுங்கள். நமது பிள்ளைகளில் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். உட்கார்ந்து சேர்ந்து எழுதுவோம். இதற்காக ஒருவரும் முற்பணம் கொடுக்க வேண்டாம்.