கழுவப்பட்ட சித்திரங்கள்

கார்ட்டூன் படங்களைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுவதா என்று புருவத்தை உயர்த்துவோர் நம்மவரிடையே இன்னும் உளர். கம்பனையும் கந்தபுராணத்தையும் பேசும் மேடையில் எலிக்கும் வாத்துக்கும் என்ன வேலை என்பது அவர்கள் கேள்வி. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாணவர் கூட்டங்களில் இப்பொருள் பற்றிச் சில காலமாகப் பேசி வருகின்றோம். ஆதலால் இக்கேள்வி எமக்குப் பழகிப்போன ஒன்று.

அவர்களுக்கு நாம் ஒரு செய்தி சொல்வதுண்டு. அசைவூட்டக் கலை புகழ் பெற்றதே ஒரு மேடைப் பேச்சினால்தான். 1914 பெப்ருவரியில், சிக்காகோ நகர அரங்கு ஒன்றில், வின்சர் மக்கே என்ற ஓவியர் சவுக்கும் கையுமாகத் திரையருகே நின்றார். கேர்ட்டி என்னும் டைனோசோர் திரையிலே மெல்லத் தலை நீட்டியது. காலைத் தூக்கு என்றால் தூக்கிற்று, அதட்டினால் அழுதது. ஈற்றில் ஓவியர் திரைக்குப் பின்னே மறைய, அந்தக் கணமே திரையில் தோன்றிய சித்திர மனிதனை அவ்விலங்கு சுமந்து சென்றது. சில நிமிட வேடிக்கைதான். அதற்காக வரையப்பட்ட தாள்களோ ஏறத்தாழ 10,000. பின்னணியிலுள்ள மலையையும் நீரையுங்கூட ஒவ்வொரு தாளிலும் திரும்பத் திரும்ப வரைந்தார் உதவிக்கு வந்த ஓர் இளைஞர். பெயர் பெற்றவர் ஒருவர், விரல் தேய்ந்தவர் இன்னொருவர்! அத்தாள்களில் இன்று எஞ்சியிருப்பவை சில நூறே.

அக்காலத்திலேயே இத்தொல்லைக்கு ஏர்ல் ஹேர்ட் என்னும் அமெரிக்கர் ஒரு வழி கண்டார். அசையாத பின்னணியை ஒருமுறை மட்டும் வரைந்துகொள்வது. அசையும் உருவத்தைக் கண்ணாடி போன்ற செலுலோயிட் தகட்டில் தீட்டி அதன்மேல் வைத்துப் படம் பிடிப்பது. தகட்டின் முன்புறம் கோடு, பின்புறம் வண்ணம். உலகம் முழுவதும் ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் இம்முறையே ஆட்சி செய்தது. படம் பிடித்து முடிந்ததும் தகட்டின் ஆயுளும் முடிந்தது. தகடு விலை கூடிய பொருள். ஆகவே வண்ணத்தைக் கழுவிவிட்டு அதையே மறுபடி எடுத்துப் பயன்படுத்திய நிலையங்கள் பல. வாசற் கோலத்தை மாலையிற் கூட்டிவிடுகின்றோமே, அதற்கு நாம் வருந்துவதில்லை. மறுநாட் காலை அதே கை இன்னொன்று போடும். இங்கே அந்தக் கை மறுபடி வரவில்லை.

நம் பக்கத்துக் கதை இன்னும் சுவையானது. இந்தியத் திரைப்படத்தின் தந்தை எனப்படும் தாதாசாகேப் பால்கே 1915 இலேயே தீக்குச்சிகளை அசையவிட்டு ஒரு படம் செய்தார். அது இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. 1956 இல் பம்பாயிலே இந்திய அரசின் திரைப்படப் பிரிவு ஒரு கார்ட்டூன் பகுதியைத் தொடங்கிற்று. கற்பிக்க வந்தவர் கிளெயர் வீக்ஸ். இந்தியாவிலே பிறந்து, டிஸ்னி நிலையத்தில் ‘பம்பி’ என்னும் மான் கதைக்கு வரைந்தவர். அவருடைய மாணவர்கள் 1957 இல் ஆக்கிய படமும் ஒரு மான் கதையே. கருவுற்ற பெண்மானுக்குப் பதிலாகத் தன்னுயிரைக் கொடுக்க முன்வரும் ஆலமர மானின் ஜாதகக் கதை அது, இலங்கையர் அறியாததன்று.

அப்பகுதியிற் சேர்ந்த இளைஞருள் ஒருவர் ராம் மோகன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் கற்றவர். மேற்படிப்பைக் கைவிட்டுத் தூரிகையைப் பிடித்தார். (இரசாயன ஆசிரியர்கள் எம்மை மன்னிக்க.) பின்னாளில் யூகோ சாக்கோ என்னும் ஜப்பானியருடன் சேர்ந்து இராமாயணத்தைப் படமாக்கியவர் இவரே. 1992 இல் முடிந்த அப்படத்துக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் தகடுகள் கையால் தீட்டப்பட்டன. 2025 ஜனவரியில் அது 4கே தரத்தில் துலக்கப்பட்டு, தமிழ்க் குரலுடனும் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. சாக்கோ 2012 இலும் ராம் மோகன் 2019 இலும் மறைந்துவிட்டனர். படச்சுருள் எங்கோ கெடாமல் இருந்தபடியால் அவர்கள் உழைப்பை இன்றைய பிள்ளைகள் பார்க்கின்றனர்.

கெடாமல் இருப்பது எளிதன்று. ஆரம்பகாலச் செலுலோயிட் வெடிமருந்துக்கு உறவினன். பற்றினால் நீருக்குள்ளும் எரியும். பின்னர் வந்த அசற்றேற்று வகை தீக்கு அடங்கியது. ஆனால் வெப்பமும் ஈரமும் பட்டால் அசற்றிக் அமிலத்தைக் கக்கத் தொடங்கும். பெட்டியைத் திறந்ததும் வினாகிரி மணக்கும். தகடு சுருங்கி நெளியும். வண்ணம் செதிளாக உதிரும். அந்த ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். கொழும்பின் காற்றைப் பற்றி நாம் சொல்லவேண்டியதில்லை.

மெல்லக் கெடுவது ஒன்று. ஒரே நாளிற் போவது இன்னொன்று. கொட்டாஞ்சேனையிலிருந்து களனி ஆற்றைக் கடந்தால் ஹெந்தலை. அங்கே கே. குணரத்தினம் அவர்களின் விஜயா ஸ்ரூடியோ 1983 ஜூலையில் எரிக்கப்பட்டது. அங்கிருந்த படச்சுருள்களும் சாம்பலாயின. அவை கார்ட்டூன் படங்கள் அல்லவாயினும், கூட்டங்களில் இதனைச் சொல்லாமல் நாம் விடுவதில்லை. சொல்லும்போது மண்டபம் அமைதியாகிவிடும். முன்வரிசைப் பிள்ளைகளுள் இதனைக் கேள்விப்பட்டிருப்போர் ஒருவரோ இருவரோதான். பின்வரிசையிலுள்ள தாத்தாமார் தலை குனிந்திருப்பர்.

வாசகர் வீடுகளிலும் பழைய கலியாணத்தின் 8 மில்லிமீற்றர் சுருளோ புகைப்பட நெகட்டிவ்களோ அலுமாரி மேல் கிடக்கலாம். எடுத்து முகர்ந்து பாருங்கள். வினாகிரி மணத்தால் அதனை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வைத்து, தாமதியாது கணினிப் பிரதி எடுப்பியுங்கள். பிரதி எடுத்தபின் மூலத்தை எறிந்துவிடாதீர்கள்.

அடுத்த பேச்சுக்கு வரும் மாணவர்கள் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றும் பென்சிலும் கொண்டுவரவேண்டும். ஓரங்களில் 24 மான்களை வரைந்து விரலால் விசிறினால், ஒரு நொடி ஓட்டம்.