இரைப்பையின் கட்டுப்பாடும் வலிநீக்கி மாத்திரையும்

திருப்பதியில் அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்து ஏறுவோர் 3,550 படிகளைக் கடக்கின்றனர். முழங்கால் வலியோடு இறங்குவோருக்கும், சித்தூர்ப் பகுதியில் கரும்பு வெட்டி இடுப்பு வலியோடு வீடு திரும்புவோருக்கும் எளிதில் கிடைப்பது வலிநீக்கி மாத்திரையே. பின்னர் வயிறு எரிந்தால், மிளகாயும் புளியுமே குற்றவாளிகள் என்று தீர்ப்புக் கூறப்படுகிறது. இத்தீர்ப்பைத் திருத்துவது ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் உரிய கடமையாகும்.

புரதத்தைச் சிதைக்கும் பெப்சின் என்னும் நொதியை 1836ஆம் ஆண்டில் தியோடோர் ஷ்வான் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்டறிந்தார். இரைப்பைச் சுவரிலும் புரதம் உண்டு. அவ்வாறாயின் இரைப்பை தன்னையே செரித்துக்கொள்ளாதது எங்ஙனம்? அதன் சுரப்பிகள் பெப்சினை நேராக வெளியிடுவதில்லை. பெப்சினோஜன் என்னும் செயலற்ற வடிவிலேயே சுரக்கின்றன. வேறு உயிரணுக்கள் சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த பின்னரே அது பெப்சினாக மாறுகிறது. உணவின் மணமும் சுவையும் வேகஸ் நரம்பின் வழியே சுரப்பைத் தூண்டும். இரைப்பையை அடைந்த புரதம் காஸ்ட்ரின் என்னும் ஹார்மோனை வெளிப்படச் செய்து அதனை மிகுவிக்கும். அமிலம் மிகுந்தால் சோமட்டோஸ்டாட்டின் என்னும் மற்றொரு ஹார்மோன் சுரப்பை அடக்கும். சளிப்படலமும் பைகார்பனேட்டும் சுவரைக் காத்து நிற்கும்.

இக்காவலைப் பேணுவன புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள். ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் அவற்றின் உற்பத்தியைக் குறைக்கின்றன. இரத்தத்தின் வழியாகவும் இவ்விளைவு நேர்வதால், உணவுக்குப் பின் விழுங்குவது மட்டும் முழுக் காப்பாகாது. புண்ணுக்குப் பிறிதொரு பெருங்காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா. 1982ஆம் ஆண்டில் அதனைக் கண்டறிந்த ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பாரி மார்ஷல், ராபின் வாரன் ஆகியோர் 2005ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். தக்க மருந்துகளால் அதனை ஒழிக்க இயலும்.

மிளகாய் எரிச்சலை மிகுவிக்கலாம். ஆயினும் புண்ணின் மூலகாரணம் அதுவன்று. பத்தியம் ஒன்றையே கூறி அனுப்பினால் புண் உள்ளே வளர்ந்துகொண்டேயிருக்கும். "எந்த மாத்திரை, எத்தனை நாளாக?" என்பதே களப்பணியாளர் கேட்க வேண்டிய முதற்கேள்வி. மலம் தார்போல் கறுத்தாலும், வாந்தியில் இரத்தம் கண்டாலும் நோயாளியை உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். இதய நோய்க்கென மருத்துவர் கொடுத்த ஆஸ்பிரினை நோயாளி தாமாக நிறுத்துதலும் ஆகாது.

அமிலம் உணவைச் செரிக்கிறது என்பதோடு வகுப்பறைப் பாடம் முடிந்துவிடலாகாது. அவ்வமிலத்தை உரிய காலத்தில் எழுப்பி, உரிய காலத்தில் அடக்கும் ஒழுங்கையும் மாணவர் அறிதல் வேண்டும். அதனை அறிந்த பிள்ளையே, நாளை வீட்டிலுள்ள முதியவர் மாத்திரைக்குக் கை நீட்டும்போது தடுத்துக் கேட்கும்.