தச்சர் ட்ஸிம்மரின் வீடு

பைத்தியமான கவிஞன் என்றாலே இலக்கிய வாசகர்களுக்கு ஒரு தனிக் கிறக்கம். ஜெர்மனியின் டூபிங்கன் நகரில், நெக்கர் ஆற்றங்கரையில் நிற்கும் மஞ்சள் கோபுரம் அந்தக் கிறக்கத்தின் புண்ணியத்தலம். ஹோல்டர்லின் 36 ஆண்டுகள் தங்கி, 1843 ஜூன் 7 அன்று மறைந்த இடம். அதை ஹோல்டர்லின் கோபுரம் என்கிறார்கள். அந்தப் பெயரோடுதான் எனக்குச் சண்டை. அது எர்ன்ஸ்ட் ட்ஸிம்மர் என்ற தச்சருக்குச் சொந்தமான வீடு. கவிஞர் அங்கே குடியிருந்தவர்.

1806-இல் ஹோல்டர்லினை டூபிங்கன் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டு, மிஞ்சினால் மூன்று வருடம் உயிரோடு இருப்பார் என்று கூறி மருத்துவர்கள் கைவிட்டார்கள். இறையியல் விடுதியில் ஹெகலும் ஷெல்லிங்கும் அவருடைய தோழர்கள். ஆனால் அவரை வீட்டுக்கு அழைத்துப் போனவர் 'ஹுப்பேரியன்' நாவலைப் படித்து மனம் பறிகொடுத்திருந்த இந்தத் தச்சர்.

பணம் வாங்கிக்கொண்டுதானே பார்த்துக்கொண்டார் என்பார்கள். ஆம், தாயின் பணமும் அரசின் உதவித்தொகையும் வந்தன. அதனால் என்ன? கூலி பெற்ற பரிவு பரிவல்ல என்று எந்த நூல் சொல்கிறது? மூன்றாண்டுக் கணக்கு 36 ஆண்டாக நீண்டது மருத்துவத்தால் அல்லவே.

1812-இல் ட்ஸிம்மர் கவிஞரின் தாய்க்கு எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. தச்சரிடம் ஒரு கோயிலின் வரைபடத்தைப் பார்த்த ஹோல்டர்லின், அதை மரத்தில் செய்து தரச் சொல்கிறார். நான் சோற்றுக்காக உழைக்க வேண்டியவன், உங்களைப் போலத் தத்துவ அமைதியில் இருக்க எனக்கு வாய்க்கவில்லை என்கிறார் தச்சர். உடனே கவிஞர் பென்சிலை எடுத்து ஒரு பலகையில் நான்கு வரி எழுதிவிடுகிறார். ஜெர்மன் மொழியின் மிக நேசிக்கப்படும் சிறு கவிதைகளில் ஒன்று அது. தச்சர் கடிதத்தில் எடுத்தெழுதியதால் நமக்குக் கிடைத்தது. பதிப்பாசிரியர் பணியை ஒரு தச்சர் செய்திருக்கிறார்!

வைப்லிங்கர் என்ற மாணவர் 1822 முதல் வந்துபோய், ஹோல்டர்லினின் வாழ்வையும் பித்தையும் எழுதினார். அது 1831-இல், அவர் இறந்த பிறகு, வெளிவந்தது. பின்னால் வந்தவர்கள் தலைப்புக் கொடுத்து, 'ஸ்கார்தனெல்லி' என்று கையொப்பமிட்ட கவிதையை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். 1978-இல் பியேர் பெர்த்தோ அவர் பைத்தியமே இல்லை என்று வாதிட்டார். கோபுரச் சுவரிலேயே ஸ்வேபிய வட்டார வழக்கில் அப்படிக் கிறுக்கியிருந்தார்கள். பித்தரா, இல்லையா? இந்த வழக்கில் அவருக்குச் சட்டை துவைத்தது யார் என்று ஒருவரும் சாட்சி கேட்கவில்லை.

டூபிங்கன் எளியோரை மறக்கும் ஊரும் அல்ல. கீழ்நகரின் 'கோகன்' எனப்படும் திராட்சை விவசாயிகளின் முரட்டு நகைச்சுவை தொகுப்புகளாகவே வந்திருக்கிறது. கதே தங்கிய வீட்டுக்குப் பக்கத்துக் கட்டடத்தில், கதே இங்கே வாந்தி எடுத்தார் என்று பலகை மாட்டிய குறும்பர்களும் இந்த ஊரில் உண்டு. சிரிக்க வைப்பவருக்கு இடமுண்டு, பித்தருக்கு இடமுண்டு. இரண்டுமில்லாத தச்சர் துணைப்பாத்திரமாகவே நிற்கிறார்.

ட்ஸிம்மர் 1838-இல் இறந்தார். மீதி ஐந்தாண்டுகள் அவருடைய மகள் லோட்டே கவிஞரைப் பார்த்துக்கொண்டாள். அவர் இறந்த அன்றிரவே ஒரே தாய் வயிற்றுத் தம்பி கார்ல் கோக்குக்குக் கடிதம் எழுதிச் செய்தி சொன்னவளும் அவள்தான்.