துருசின் திறவுகோல் யார் கையில்?

கந்தளாயில் விளையும் நெல்லும் தம்பலகாமத்தில் விளையும் நெல்லும் திருகோணமலை நகரத்தார் பருகும் நீரும் ஒரே குளத்தின் கொடை. அதைக் குளக்கோட்டன் கட்டினான் என்பது தமிழர் மரபு. இரண்டாம் அக்கபோதி கட்டினான் என்பது சிங்களவர் மரபு. கட்டியவன் எவனாயினும் ஆகுக! இன்று அதன் துருசு யாருடைய சொல்லுக்குத் திறக்கிறது, யாருடைய சொல்லுக்கு மூடுகிறது என்பதே நாம் எழுப்பும் கேள்வி.

1946ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் வயலுடையோர்க்கு ஓர் உரிமை அளித்தது. போகம் தொடங்குமுன் அவர்கள் கூட்டமாகக் கூடி, விதைப்பு நாளையும் நீர் விடும் நாளையும் தீர்மானிக்கலாம். நன்று. ஆயின் அக்கூட்டத்தில் குடிநீரை நம்பியிருக்கும் நகரத்தானுக்கு வாக்கு உண்டா? பேராறு சென்று கலக்கும் தம்பலகாமம் குடாவில் வலை வீசும் மீனவனுக்கு வாக்கு உண்டா? இல்லை. பின்னர் வந்த திட்ட முகாமைக் குழுக்களில் கமக்காரருக்கு ஆசனம் கிடைத்தது. குளத்தின் மீது இறுதி அதிகாரம் கிடைக்கவில்லை. ஆசனம் வேறு, அதிகாரம் வேறு. முன்னரே முடிவு செய்துவிட்டுக் கருத்துக் கேட்பதைக் கலந்தாலோசனை என்று எவரும் அழைக்க வேண்டாம்!

இது புதிய கோரிக்கையன்று. 1957 ஜூலையில் கைச்சாத்தான பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தம், பிராந்திய சபைகளுக்குரிய விடயங்களுள் விவசாயத்தையும் நீர்த் திட்டங்களையும் பெயர் சொல்லியே குறித்தது. அடுத்த ஆண்டே அது கிழித்தெறியப்பட்டது. முப்பது ஆண்டுகளின் பின், 1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தம் நீர்ப்பாசனத்தை மாகாண சபைக்கு அளித்தது. அளித்த கையாலேயே, மாகாண எல்லை கடந்தோடும் ஆறுகளின் திட்டங்களை விலக்கிக் கொண்டது. அம்பன் கங்கையின் நீர் கால்வாய் வழியே வந்து சேரும் கந்தளாய் இவ்வாறு மத்தியின் பிடியிலேயே நின்றுவிட்டது.

மக்களின் சொல் ஏறாத துருசு என்ன விளைவிக்கும் என்பதை இம்மாவட்டத்தின் தென்புறம் கண்டது. 2006 ஜூலையில் விடுதலைப் புலிகள் மாவிலாற்று மதகை அடைத்தனர். அரசாங்கம் விமானக் குண்டுகளால் விடை பகர்ந்தது. நீர் இழந்தோர் கமக்காரர். ஊர் இழந்தோர் மூதூர் மக்கள். மதகைச் சூழ்ந்து வாழும் மூவின மக்களுள் ஒருவரையேனும் எவர் கேட்டார்? அதற்கு முன், 1986 ஏப்ரல் 20ஆம் நாள் கந்தளாய்க் கட்டு உடைந்தபோது நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வெள்ளம் இனம் கேட்டா பாய்ந்தது?

“மூவினத்தாரை ஒரு மேசையில் அமர்த்தினால் சண்டையே மிஞ்சும்” என்பர் சிலர். கல்லோயாவைப் பார்க்கட்டும்! அதன் இடதுகரை வாய்க்காலின் தலைப்பில் பெரும்பாலும் சிங்களக் கமக்காரர். கடைக்கோடியில் தமிழ்க் கமக்காரர். 1981 முதல் வாய்க்கால்தோறும் சிறு குழுக்கள் அமைந்தன. முறைவைத்துப் பாய்ச்சி, மிச்சம் பிடித்த நீரைத் தலைப்பிலுள்ளோர் கீழே விட்டனர். நாடெங்கும் இனப்பகை மூண்டெழுந்த காலம் அது! பொறுப்பை ஒப்படைத்தால் மனிதன் பொறுப்புள்ளவனாகிறான்.

ஆகவே நாம் கேட்பது இவை. கந்தளாய்க்கும் மாவிலாற்றுக்கும் தனித்தனி நீர்ச் சபை வேண்டும். தலைப்பு, கடைக்கோடிக் கமக்காரர், மீனவர், குடிநீர் பெறுவோர் ஆகியோரின் தெரிவுசெய்யப்பட்ட பிரதிநிதிகள் அதில் அமர வேண்டும். பற்றாக்குறைக் காலத்துப் பங்கீடு, வறட்சி வருமுன்னரே எழுதப்பட வேண்டும். குளத்தின் நீர்மட்டமும் வெளியேறும் நீரின் அளவும் தமிழிலும் சிங்களத்திலும் நாள்தோறும் பொதுவில் அறிவிக்கப்பட வேண்டும். கட்டின் பாதுகாப்பில் பொறியியலாளரின் சொல்லே இறுதியாகட்டும். பங்கீட்டில் சபையின் சொல் சட்டமாகட்டும். மாகாணங்களுக்கிடையே நீரைப் பகிர்வது மத்தியின் பணியாயிருக்கலாம். துருசுக்குக் கீழே வந்த நீரைப் பகிர்வது அதைப் பருகுவோர், பாய்ச்சுவோர் பணி.

சட்டம் வரட்டும் என்று காத்திருத்தல் வேண்டா. தம்பலகாமத்துக் கமக்கார அமைப்புக்கள் கந்தளாய் அமைப்புக்களுக்கு இன்றே ஓலை அனுப்பட்டும்! குடாவின் மீனவர் சங்கங்களையும் அழைக்கட்டும். வரும் போகக் கூட்டத்துக்கு ஒரே தீர்மானத்தோடு செல்லட்டும். தலைப்பும் கடைக்கோடியும் ஒரு குரலில் கேட்டால், மறுப்பதற்கு எந்தக் கந்தோருக்குத் துணிவு வரும்?