வண்டியை விட்டு இறங்காதே, கண்ணு



பதிவு கொஞ்சம் நீளம். கனடா, அமெரிக்கா, ஜெர்மனி என்று குளிர்நாடுகளில் கார் ஓட்டுகிற என் பிள்ளைகளும், பனி பார்க்க மணாலி போகத் திட்டம் போட்டிருக்கிறவர்களும் பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள்.

போன வாரம் நம் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாக்குவாதம். பனியில் கார் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று பேச்சு வந்தது. "ஆம்பிளை என்றால் இறங்கி நடந்து உதவி கூட்டிவர வேண்டாமா? பெண்டாட்டி பிள்ளைகளை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பானா?" என்று ஒருவர் எழுதினார். நிறையப் பேர் கட்டைவிரல் தூக்கினார்கள்.

என் கருத்து அதற்கு நேர் எதிர். அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. அதைக் கோழைத்தனம் என்று சொல்கிற பேச்சு ஆளைக் கொல்லும்.

2006 நவம்பர் கடைசியில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சான்பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஒரு தம்பதி, 4 வயதிலும் 7 மாதத்திலுமாக இரண்டு பெண் குழந்தைகளுடன், கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். திரும்ப வேண்டிய நெடுஞ்சாலையைத் தவறவிட்டதால், வரைபடத்தில் குறுக்கே தெரிந்த பேர் கேம்ப் ரோடு என்ற மலைச்சாலையில் ஏறினார்கள். குளிர்காலத்தில் அங்கே பனியை அள்ளிப்போட யாரும் வருவதில்லை. இரவு நேரம், கொட்டுகிற பனி. வெட்டுமர லாரிகள் போகிற ஒரு கிளைப்பாதைக்குள் போய் நின்றுவிட்டார்கள். போனில் சிக்னல் இல்லை.

ஒரு வாரம் காரிலேயே தாக்குப்பிடித்தார்கள். பெட்ரோல் இருந்தவரை ஹீட்டர் போட்டார்கள். பிறகு விறகு, அதற்கும் பிறகு கார் டயர்களையே எரித்துக் குளிர்காய்ந்தார்கள். தின்பண்டம் தீர்ந்தபின் அந்தத் தாய் இரண்டு பிள்ளைகளுக்கும் தாய்ப்பால் கொடுத்திருக்கிறார், 4 வயதுக் குழந்தைக்கும் சேர்த்து.

டிசம்பர் 2 காலையில் தகப்பன் உதவி தேடி நடந்தே கிளம்பினார். பக்கத்து ஊர் சில மைல்தான் என்று வரைபடத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். உண்மைத் தூரம் அதைப்போலப் பல மடங்கு. மத்தியானத்துக்குள் திரும்புகிறேன் என்று சொல்லிப் போனவர் திரும்பவில்லை. டிசம்பர் 4 அன்று ஒரு ஹெலிகாப்டர் காரையும், குடையை ஆட்டிக் கூப்பிட்ட தாயையும் கண்டுபிடித்தது. மூன்று பேரும் பிழைத்தார்கள். டிசம்பர் 6 அன்று தகப்பனின் உடல் ஒரு காட்டோடையில் கிடைத்தது. உடம்பு குளிர்ந்துபோய் இறந்திருக்கிறார்.

அந்த மனிதரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. பசித்த குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு ஏழு நாள் உட்கார்ந்திருந்த தகப்பன் அவர். ஆனால் கணக்கைப் பாருங்கள். அவர் போன இரண்டாம் நாள், கார் நின்ற இடத்துக்கே உதவி வந்துவிட்டது.

காரணம் எளிது. மேலிருந்து பார்க்கிறவன் கண்ணுக்குக் கார் தெரியும், மனுஷன் தெரியமாட்டான். காரில் கூரை இருக்கிறது, காற்றுத் தடுப்பு இருக்கிறது, ஹாரன், விளக்கு, கண்ணாடி எல்லாம் இருக்கிறது. இறங்கி நடந்தால் இவை எதுவும் இல்லை. முழங்கால் அளவு பனியில் நடந்தால் வேர்க்கும். வேர்வையில் நனைந்த துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உடம்பின் உள்வெப்பம் 37 டிகிரியிலிருந்து 35-க்குக் கீழே இறங்கினாலே ஆபத்து தொடங்கிவிட்டது. முதலில் நடுக்கம், பிறகு நாக்குக் குழறும், அதன்பின் புத்தி தடுமாறும். எந்தப் பக்கம் நடக்கிறோம் என்று முடிவெடுக்க வேண்டிய மூளையே வேலை செய்யாது.

பனியே போர்வை ஆவதும் உண்டு. ஸ்வீடனில் ஊமியோ நகரத்துக்குப் பக்கத்தில் 2012 பிப்ரவரியில், பனிக்குள் புதைந்த காரிலிருந்து ஒருவரை உயிரோடு எடுத்தார்கள். டிசம்பர் முதல் அங்கேயே இருந்ததாக அவர் சொன்னார். தூங்கும் பை ஒன்றும் பனியும்தான் துணை. அத்தனை நாள் எப்படி முடியும் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. ஆனால் பனிக்குள் அடைபட்ட காற்று சூட்டை வெளியே விடாது என்பது நாம் அறிவியல் பாடத்தில் படித்ததுதான்.

"அப்படியானால் எஞ்சினை ஓட விட்டு ஹீட்டர் போட்டுத் தூங்கலாமே?" என்று கேட்பீர்கள். அங்கேதான் அடுத்த எமன் உட்கார்ந்திருக்கிறான். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரி மலை ஊருக்குப் பனி பார்க்கப் போன கூட்டம் சாலையில் மாட்டிக்கொண்டது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் கார்களுக்குள்ளேயே செத்துப்போனார்கள், குழந்தைகள் உட்பட. குளிர் ஒரு காரணம். இன்னொன்று கார்பன் மோனாக்சைடு. பனி மூடிப் புகைக்குழாய் அடைத்துக்கொண்டால் புகை காருக்குள்ளேயே திரும்பும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் பலமாக ரத்தத்தோடு ஒட்டிக்கொள்ளும். தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

அதனால் இதை மனப்பாடம் செய்யுங்கள். முதலில் இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றிப் பனியைத் தள்ளுங்கள். மணிக்கு 10 நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட விடுங்கள். அந்த நேரத்தில் காற்று அடிக்காத பக்கத்து ஜன்னலை ஒரு விரல் அகலம் இறக்கி வையுங்கள். ஒவ்வொரு முறையும் குழாயைப் பார்த்துவிட்டே சாவியைத் திருப்புங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் தூங்காதீர்கள். நெருங்கி உட்காருங்கள். கைகால்களை ஆட்டிக்கொண்டே இருங்கள்.

தாகத்துக்குப் பனியை அப்படியே வாயில் போடாதீர்கள். ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வேண்டும், அந்த நீர் உடம்புச் சூட்டுக்கு வர இன்னும் 37. அரை லிட்டர் தண்ணீருக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஒரு இட்லியின் சக்தி, அது உங்கள் உடம்பிலிருந்துதான் போகும். வாயும் தொண்டையும் குளிர்ந்துபோவது தனி. பாட்டிலில் அடைத்து, எஞ்சின் ஓடும்போது ஹீட்டர் பக்கம் வைத்து உருக்கிக் குடியுங்கள். சோறில்லாமல் பல நாள் தாங்கலாம், தண்ணீர் இல்லாமல் தாங்க முடியாது.

"டீச்சர், எந்தக் காலத்திலும் இறங்கவே கூடாதா?" நல்ல கேள்வி. 2022 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பகுதியில் பெரிய பனிப்புயல் அடித்தது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், சிலர் காருக்குள்ளேயே. அந்தப் புயலில் மாட்டிய ஒருவர், பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருப்பதைத் தெரிந்துகொண்டு அங்கே போய், ஜன்னலை உடைத்து உள்ளே நுழைந்தார். வழியில் தவித்த மற்றவர்களையும் கூட்டிவந்தார். 24 பேர் பிழைத்தார்கள். புறப்படும்போது பள்ளியைச் சுத்தம் செய்து, ஜன்னலை உடைத்ததற்கு மன்னிப்புக் கேட்டுச் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார். போலீஸ் அவரைத் தேடிப்பிடித்தது, நன்றி சொல்வதற்காக! ஒரு வாத்தியாராக எனக்கு இதைவிடப் பிடித்த செய்தி கிடையாது. வித்தியாசம் என்னவென்றால், அவர் போன இடம் பக்கத்திலேயே, எங்கே என்று தெரிந்த கட்டடமாக இருந்தது. "அந்தப் பக்கம் ஊர் இருக்கும்" என்று ஊகித்து நடப்பது வேறு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆரிகன் குடும்பத்தைக் காணவில்லை என்று வெளியில் தெரியவே நாலு நாள் போல ஆகிவிட்டது. எந்த வழியில் போகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவர்களுடைய செல்போன் ஒரு நொடி ஏதோ ஒரு கோபுரத்தைத் தொட்டு, குறுஞ்செய்தி வாங்கியிருந்தது. அந்தத் தடயத்தைப் பிடித்துத்தான் தேடும் இடத்தைச் சுருக்கினார்கள். அதனால் பேச முடியாத இடத்திலும் குறுஞ்செய்தி அனுப்பிப் பாருங்கள்.

அதைவிட, கிளம்பும் முன்பே ஒரு வரி வீட்டுக்கு எழுதுங்கள்: இன்ன சாலை, இத்தனை மணிக்குப் போய்ச் சேருவேன். "அம்மா சும்மா நச்சரிக்கிறாங்க" என்று சலித்துக்கொள்கிறீர்களே, அந்த நச்சரிப்புதான் தேடும் ஆளை முதல் நாளே அனுப்பும். பெற்றவர்களே, நீங்களும் "நல்லா இருக்கியா, சாப்பிட்டியா" என்பதோடு நிறுத்தாமல் "எந்த ரோடு?" என்றும் கேளுங்கள்.

நம் நாட்டுக்கும் இது பொருந்தும். 2024 டிசம்பரில் மணாலி பக்கம் சோலங்குக்கும் அடல் சுரங்கப்பாதைக்கும் நடுவே ஏறக்குறைய ஆயிரம் வண்டிகள் பனியில் நின்றன. வாடகைக்கார் டிரைவரை "இன்னும் கொஞ்சம் மேலே போங்க" என்று அவசரப்படுத்தாதீர்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். டேங்க் பாதிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பளி, குல்லா, தண்ணீர், டார்ச், பவர் பேங்க், சின்ன மண்வெட்டி, ஒரு பொட்டலம் கடலைமிட்டாய், இவ்வளவும் டிக்கியில் கிடக்கட்டும். பனி தொடங்குவதற்குள் வாங்கி வைத்துவிட்டு எனக்குப் போட்டோ அனுப்புங்கள். வீட்டுப்பாடம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், திருத்துகிறேன்.

குழுவில் அப்படி எழுதிய உறவினருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் உங்கள் பேரன் எட்மண்டனில் டிரக் ஓட்டுகிறான். ஒருநாள் பனியில் மாட்டிக்கொண்டால், "தாத்தா என்ன நினைப்பார்" என்ற எண்ணம் அவனைக் கதவைத் திறக்க வைத்துவிடக் கூடாது. "உட்கார்ந்திரு கண்ணு, அதுதான் தைரியம்" என்று இன்றைக்கே அவனுக்கு நீங்களே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். நான் சொல்வதைவிட நீங்கள் சொன்னால்தான் கேட்பான்.

எல்லாரும் நலமாக இருங்கள்.

உங்கள் டீச்சர்