பெயர் நெய்கிறவர்களின் பெயர்

தாய்லாந்தில் சாவ் பிரயா ஆற்றின் கரையில் அங்தோங் என்றொரு சிறு மாகாணம் உண்டு. கோயில்களாலும் கைவினைகளாலும் அறியப்படுவது. அங்கே பா மோக் என்னுமிடத்தில் பள்ளிகொண்ட புத்தர் இருக்கிறார். ஆறு கரையை அரித்தபோது, பதினெட்டாம் நூற்றாண்டில், அத்தனை பெரிய சிலையை உள்ளே தள்ளி நகர்த்தி வைத்தார்கள். பாங் சாவ் சா என்ற ஊரில் மூங்கிற்கூடை முடைகிறார்கள். புத்தரை வணங்க வருகிறவர் கூடை முடையும் ஊரையும் கண்டு திரும்புவது அங்கே பயணத்தின் ஒரு பகுதியாகிவிட்டது.

நமக்கும் இப்படி ஓர் ஆறு இருக்கிறது. ராதாபுரத்து வறண்ட மண்ணில் இருந்துகொண்டு தாமிரபரணியை ‘நம் ஆறு’ என்று சொல்வது சற்றே அதிகப்படிதான், இருந்தாலும் சொல்வோம்.

கடனா நதி வந்து கலக்குமிடத்தில் திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில். கருவூர்ச் சித்தர் அக்கரையில் நின்று அழைத்த குரலைக் கேட்க இறைவன் சற்றே சாய்ந்தார் என்பது ஐதிகம். லிங்கம் இன்றும் சாய்ந்தே இருக்கிறது. கோபுரத்தின் உள்ளே ஐந்து நிலைகளிலும் மரச்சிற்பங்களும் ஓவியங்களும். குதிரைகளை ஏற்றிவரும் கப்பலொன்றையும் அங்கே தீட்டியிருக்கிறார்கள். கடலைப் பாராத ஊரில் அந்தக் கப்பலை எவர் வரைந்தாரோ, பெயர் இல்லை.

அங்கிருந்து கிழக்கே சேரன்மகாதேவி தாண்டினால் பத்தமடை. தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையைப் பச்சையாக அறுத்து, கீறி, உலர்த்தி, ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி உலர்த்திச் சாயமேற்றி, பருத்தி நூலைப் பாவாகக் கட்டி நெய்கிறார்கள். பெரும்பாலும் இஸ்லாமியக் குடும்பங்கள்; தறியில் அமர்கிறவர்களில் பெண்களே மிகுதி. கோரை எவ்வளவு மெலிதாகக் கீறப்படுகிறதோ அவ்வளவுக்குப் பாய் நயம். பட்டுப்பாய் என்ற பெயர் சும்மா வந்ததன்று. துணிபோலக் கையில் குழையும்.

நம் பக்கத்துத் திருமணங்களில் மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து வாங்கும் வழக்கம் உண்டு. சாதியும் சமயமும் பார்க்காமல் எல்லா வீடுகளுக்கும் போகும் பாய் அது. அந்தப் பெயர்களை எழுத்தெழுத்தாகக் கோரையில் இறக்கிய பெண்ணின் பெயரை நாம் கேட்டதுண்டா?

புவிசார் குறியீடு கிடைத்துப் பத்தாண்டுகள் கடந்துவிட்டன. நல்லதுதான். ஆனால் குறியீடு பெயரைக் காக்குமே தவிர, நெய்கிறவரின் கூலியைக் கூட்டித் தராது. பிளாஸ்டிக் பாய் வந்து அன்றாடப் பாயின் சந்தையைத் தின்றது. எஞ்சியிருப்பது நயம் பாய். அதற்கோ வாரக்கணக்கில் உழைப்பு. இரண்டாயிரத்தைத் தாண்டி விலை சொன்னால் ‘பாய்க்கா?’ என்கிறோம். அதே நாம்தான் கிருஷ்ணாபுரத்துச் சிற்பங்களின் முன் நின்று, சிற்பியின் பொறுமையை எண்ணி உருகுகிறோம். கல்லில் செய்தால் கலை, கோரையில் செய்தால் சாமான் என்ற இந்தக் கணக்கு நமக்கு உடன்பாடில்லை.

தமிழ்த்துறைகள் ஆண்டுதோறும் மாணவரை நவதிருப்பதிக்கு அழைத்துச் செல்கின்றன. ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வாரின் புளியமரத்தைக் காட்டுகிறோம், காட்டத்தான் வேண்டும். அந்தப் பேருந்து பத்தமடையில் அரைநாள் நிற்கட்டும். கோரை கீறுவதை மாணவர் பார்க்கட்டும், முடிந்தால் ஒன்றைக் கீறியும் பார்க்கட்டும். வாங்குகிறவர்கள் பேரம் பேசாமல் வாங்கட்டும். நெய்தவர் பெயரையும் கேட்டு, அவர் இசைந்தால் பாயின் ஓரத்தில் அதையும் நெய்யச் சொல்லட்டும்.